பால்காரிக்குப் பால் ஆகாமல் போன வருஷம்

எனக்குப் பால் ஆகாது. ஒரு வரியில் எழுதிவிட்டேன். ஆனால் இதைக் கண்டுபிடிக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அந்த வருஷத்தில் நான் பட்டது கொஞ்சமில்லை. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் மூன்றாவது வரைக்கும்தான் படித்தேன், எழுத்து கோணலாக வரும். சங்கதி கோணலில்லை. என்னை மாதிரி வயிற்றோடும் மனசோடும் தனியாக மல்லுக்கட்டிக்கொண்டு எங்கேயோ ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். அவள் படிக்கட்டும், படிக்கத் தெரியாவிட்டால் யாராவது படித்துக் காட்டட்டும்.

நான் யாரென்று முதலில் சொல்லவேண்டும். மலேசியாவில், சிரம்பானுக்கும் மந்தினுக்கும் நடுவில் எங்கள் தோட்டம். காலையில் ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டு, மத்தியானத்துக்கு மேல் மாடு. கொட்டகையில் எப்போதும் இரண்டு மூன்று பசு கறவையில் இருக்கும். லயம் என்கிற வரிசை வீடுகளில் பாதிக்கும், தோட்டத்துக் கணக்கெழுதுகிற பெரிய கிராணி வீட்டுக்கும், கோயில் அபிஷேகத்துக்கும் என் பால்தான். அஞ்சலை தண்ணி கலந்தாள் என்று ஒருத்தர் வாயில் வந்ததில்லை. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு இன்றைக்கும் மனசு வராது.

அந்த வருஷம் மழைக்காலத்தில் லயம் முழுக்க வயிற்றுப்போக்கு. எல்லாருக்கும் நின்றது. எனக்கும் நின்ற மாதிரி இருந்து, திரும்ப வந்தது. பெரட்டுக்கு, அதாவது விடியுமுன்னே ஆள் கணக்கு எடுக்கிற இடத்துக்கு, போகிறதுக்கு முன்னால் ஒரு பெரிய குவளை நிறையப் பால் டீ குடிப்பது என் வழக்கம். முதல் நிரை மரம் வெட்டி முடிக்குமுன்னே வயிறு பறை மாதிரி உப்பும். உள்ளே உருளும். கத்தியைப் போட்டுவிட்டுப் புதருக்கு ஓடவேண்டும். ஒரு நாள் என்றால் சரி. தினமும் என்றால்? பக்கத்து நிரைக்காரி பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்வாள். அவள் திரும்பிக்கொள்வதுதான் எனக்கு அதிக அவமானம்.

தோட்டத்து மருந்துக் கொட்டகையில் ஒரு டிரஸர் இருந்தார். டாக்டர் இல்லை, மாத்திரை கொடுக்கிறவர், காயம் கட்டுகிறவர். வயிறு எரிகிறது, உப்புகிறது என்று மட்டும் அவரிடம் சொன்னேன். புதருக்கு ஓடுவதை ஆம்பளையிடம் எப்படிச் சொல்வது?

"கேஸ்ட்ரிக் லா அஞ்சலை," என்றார். "காரத்தைக் குறை. பால் நெறையக் குடி, வயித்துப் புண்ணு ஆறிடும்."

"பால் குடின்னு எனக்கே சொல்றீங்களே," என்று சிரித்துவிட்டு வந்தேன். வந்து, குடித்தேன். காலையில் ஒரு குவளை இருந்தது மூன்றானது.

மனசு எப்போது கெட்டது என்று என்னைப் பலர் கேட்டிருக்கிறார்கள். டாக்டரும் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சட்டி விழுந்து உடைகிற மாதிரி ஒரு நாளில் நடக்கவில்லை. மாட்டின் பக்கத்தில் வாளியை வைத்துக்கொண்டு உட்காருவேன். மடியில் கை வைத்திருப்பேன். கறக்கவேண்டும் என்பது தெரியும், கை நகராது. சோறு மண் மாதிரி இருந்தது. வானொலியில் கல்யாண வாழ்த்து சொன்னால்கூட அழுகை வந்தது. சண்டை போட்டுத்தான் பேசுவேன் என்று பெயரெடுத்தவள் நான். யார் எது சொன்னாலும் "சரி" என்று சொல்ல ஆரம்பித்தேன். அதைக் கேட்டுத்தான் எங்கள் வீட்டுக்காரருக்குப் பயம் வந்தது.

"என்ன அஞ்சல, திட்டக்கூட மாட்டேங்கிற?" என்பார்.

"திட்டி என்ன ஆகப்போகுது?"

"அடியே, ஒருதரம் திட்டித் தொலை. வீடு வீடா இல்ல."

சிரிக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வீட்டில் நான் இல்லாவிட்டால் நல்லது என்று ஒரு நினைப்பு ஓடிக்கொண்டே இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

இந்த நேரத்தில்தான் எங்கள் மகள் மல்லிகாவுக்குச் சம்பந்தம் வந்தது. மல்லிகா சிரம்பானில் ஒரு தொழிற்சாலையில் வேலை. எங்களுக்கு இருப்பது அவள் ஒருத்திதான். மாப்பிள்ளை வீடு பாரோயில், தாமான் என்கிற புதுக் குடியிருப்பு, நல்ல சனம். தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற தண்டலின் பெண்சாதி பாப்பாத்திதான் நடுவில் நின்று பேசினாள். பையனின் அம்மா வந்து பெண்ணைப் பார்த்துவிட்டுப் போனார். பிடித்திருக்கிறது என்று சொல்லி அனுப்பினார். அவர் வந்த அன்றைக்கு நான் பொட்டு வைத்து, சேலை மாற்றி, நாலு வார்த்தை பேசினேன். எப்படிப் பேசினேன் என்று எனக்கே தெரியாது. அவர் போனதும் படுக்கையில் விழுந்தேன்.

லயத்தில் பேச்சு கிளம்பியது. செய்வினை என்றார்கள் சிலர். மாட்டு மேல் யாரோ கண்ணு வைத்துவிட்டார்கள் என்றார்கள். ஒருத்தி மட்டும் குழாயடியில், என் காது கேட்கவே, "அவளுக்கு மண்டையில ஏதோ ஆயிடுச்சு" என்றாள். எங்கள் வீட்டுக்காரர் அன்றைக்கு ராத்திரி வந்து சொன்னார்: "யார் கேட்டாலும் கேஸ்ட்ரிக்னு சொல்லு. நானும் அதைத்தான் சொல்லப்போறேன். மண்டைன்னு ஒரு பேச்சு பாரோய்க்குப் போச்சுன்னா மல்லிகா கதை முடிஞ்சுது." அவர் சொன்னதில் தப்பு இருப்பதாக எனக்கு அப்போது தோன்றவில்லை. அம்மாவுக்குப் பைத்தியம் என்றால் மகளை எவன் கட்டுவான்? அதுதான் எனக்கும் பயம்.

டிரஸர் மருந்தில் ஆகாதது சாமியால் ஆகும் என்று நேர்ந்துகொண்டேன். பங்குனி உத்திரத்துக்கு முருகனுக்குப் பால்குடம். என் வயிறு சரியாகவேண்டும், மனசு சரியாகவேண்டும், மல்லிகா கழுத்தில் தாலி ஏறவேண்டும். மற்றவர்கள் பகலில் பட்டினி இருந்து சாயங்காலம் மரக்கறிச் சோறு சாப்பிடுவார்கள். நான் அப்படியா செய்வேன்? எதையும் ஒரு படி மேலே செய்தால்தான் எனக்குத் திருப்தி. பாலும் பழமும் மட்டும் என்று விரதம் எடுத்தேன். சோறு கிடையாது, உப்பு கிடையாது. காலையில் பால், மத்தியானம் பால், ராத்திரி பால்.

வியாதிக்கு விரதம் இருந்தேன், வியாதியையே குடித்து. இப்போது எழுதும்போது தெரிகிறது. அப்போது, வயிறு பிடுங்கப் பிடுங்க, சாமி சோதிக்கிறார் என்று நினைத்து இன்னும் ஒரு டம்ளர் குடித்தேன். கஞ்சித்தண்ணி மாதிரி போனது. கண் உள்ளே போய்விட்டது. மல்லிகா, "விரதத்த விடும்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "சாமிகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன்" என்றேன். உத்திரத்துக்கு இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் இருக்கும்போது கொட்டகையில் விழுந்தேன். வாளியும் என்னோடு விழுந்தது. பால் ஓடி என் சேலை நனைந்ததுதான் எனக்குக் கடைசி ஞாபகம். தோட்டத்து லாரியில் பலகை போட்டு சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம்.

கண் திறந்தபோது கையில் ஊசி, மேலே தண்ணிப் புட்டி. உடம்பில் தண்ணியும் உப்பும் வற்றிப்போச்சு என்றாள் மிஸ்ஸி. நர்ஸை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். தமிழ்ப் பெண். நல்ல பெண், ஆனால் வாய் சும்மா இருக்காது.

"ஆயா, அந்த முருகன் என்னா, உங்கள கொல்லச் சொன்னாரா?" என்றாள்.

"ஆயான்னு கூப்பிடாத. எனக்கு இன்னும் அவ்வளவு வயசாகல," என்றேன்.

"ஆங், கோவம் வருது. அப்ப பொழச்சுக்குவீங்க."

வார்டில் எத்தனையோ பேர். என் வலது பக்கம் மந்தின் பக்கத்துச் சீனக் கிழவி, காலில் கட்டு. காலையில் எல்லாருக்கும் பால் கலந்த ஒரு பானம் வரும். கிழவி அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிடுவார். ஏன் என்று கேட்டால் வயிற்றைத் தட்டி, "சக்கிட் பெருட்" என்பார், வயிறு வலிக்குமாம். பாலைப் போய் இப்படித் தள்ளுகிறதே இந்தக் கிழவி என்று எனக்கு உள்ளுக்குள் ஆத்திரம்.

பரிசோதனைகளைச் சொல்கிறேன், பயப்படுகிறவர்களுக்கு உதவும். ரத்தம் எடுத்தார்கள். மலம் கொண்டுவரச் சொன்னார்கள், பூச்சி இருக்கிறதா என்று பார்க்க. சுண்ணாம்புத் தண்ணி மாதிரி ஒன்றைக் குடிக்கவைத்துப் படம் எடுத்தார்கள், குடல் போகிற பாதை வெள்ளையாகத் தெரியுமாம். தொண்டை வழியே ஒரு கறுப்புக் குழாயை வயிற்றுக்குள் விட்டு, அதன் முனையில் விளக்கு வைத்துப் பார்த்தார்கள். அது கஷ்டம்தான், பொய் சொல்லமாட்டேன். ஓங்கரித்து ஓங்கரித்துக் கண்ணீர் வந்துவிடும். ஆனால் சீக்கிரம் முடிந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் வெளியே பலகையில் காத்திருப்பதுதான் நீளம். பெயரைக் கூப்பிடுவார்களோ, விட்டுவிட்டார்களோ என்று அடிவயிற்றில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவேண்டும். எங்கள் வீட்டுக்காரர் வேலையை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்காருவார். போகும்போது என் செருப்பை எடுத்து காலுக்கு நேராக வைத்துவிட்டுப் போவார்.

முடிவில் ஒவ்வொன்றும் நன்றாக இருக்கிறது என்றார்கள். புண் இல்லை, கட்டி இல்லை, பூச்சி இல்லை. இதைக் கேட்டு சந்தோஷப்படவேண்டும். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன். ஒன்றுமில்லை என்றால், எல்லாம் என் மண்டையில்தான் என்று அர்த்தமாகிறதே.

அடுத்த நாள் மனசு டாக்டரை அனுப்பினார்கள். நம்மவர், வயசானவர், வேட்டி கட்டினால் கோயில் தலைவர் மாதிரி இருப்பார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தூக்கம் வருதா என்று கேட்டார். சாப்பிட ஆசை வருதா என்று கேட்டார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "உயிரோட இருக்கணும்னு தோணுதாம்மா?" என்றார்.

அதுவரைக்கும் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. தலையணை நனைகிற அளவுக்கு அழுதேன். அவர் எழுந்து போகவில்லை. அழுது முடிகிற வரைக்கும் இருந்தார்.

"இது பைத்தியம் இல்லம்மா," என்றார். "மனச்சோர்வுன்னு ஒரு வியாதி. சளி பிடிக்கிற மாதிரி, மனசு கீழ இறங்கிப் போயிடும். மேல வர மாட்டேங்கும். இதுக்கு மருந்து இருக்கு."

"என் மகளுக்கு சம்பந்தம் பேசியிருக்கு டாக்டர். இதை எங்கயும் எழுதாதீங்க."

"எழுதாம வைத்தியம் பண்ண முடியாது. ஆனா ஆஸ்பத்திரிப் பேச்சு ஆஸ்பத்திரியோட. வெளிய யாருக்கு சொல்லணும், வேணாம்னு நீங்கதான் முடிவு பண்ணணும்."

இதற்கு நடுவில் ஒன்று நடந்தது. குழாய் விடுவதற்காகவும் படம் எடுப்பதற்காகவும் என்னைப் பட்டினி போட்டிருந்தார்கள். வெறும் தண்ணிக் கஞ்சிதான். அந்த நாட்களில் வயிறு சத்தமே போடவில்லை. வெள்ளிக்கிழமை, தோட்டத்து ஆட்கள் பார்க்க வந்தார்கள். நம் ஆட்கள் நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வருவார்களா? ஆளுக்கு ஒரு மாவுப்பால் டின். கட்டில் பக்கத்து அலமாரி நிறைந்துபோனது. பாப்பாத்தி அங்கேயே சுடுதண்ணி வாங்கிக் கலக்கிக் குடிக்கவைத்துவிட்டுத்தான் போனாள். அன்றைக்கு மாலையே வயிறு உப்பி, கழிவறைக்கும் கட்டிலுக்கும் நடந்தேன்.

சனிக்கிழமை காலை வந்த சின்ன டாக்டர் ஒரு மலாய்ப் பெண். கைக்குழந்தை உள்ளவள் போல, கண் முழுக்கத் தூக்கம். என் தாளைப் பார்த்தாள், அலமாரியில் டின்களைப் பார்த்தாள்.

"மக்சிக், நேற்று என்ன சாப்பிட்டீங்க?" என்று மலாயில் கேட்டாள். பெரியம்மா என்று மரியாதையாகக் கூப்பிடுவது அது. தோட்டத்து மலாய் எனக்கு வரும். சொன்னேன். அதற்கு முந்தின நாள்? சொன்னேன். வீட்டில்? விரதத்தில்? சொல்லச் சொல்ல அவள் தூக்கம் கலைந்தது. வயிறு எப்படிப் போகிறது என்று கேட்டாள். பொம்பளைதானே என்று, புதருக்கு ஓடினது வரைக்கும் சொன்னேன். அதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை ஒரு பரிசோதனை வைத்தாள். வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து, பிறகு ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணி கொடுத்தார்கள். சாதாரணச் சர்க்கரை இல்லை, பாலில் இருக்கிற சர்க்கரையை மட்டும் பிரித்து எடுத்தது. லேசான இனிப்பு. பிறகு விட்டு விட்டு விரலிலும் கையிலும் ரத்தம் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். வயிறு ஏற்றுக்கொண்டால் ரத்தத்தில் சர்க்கரை ஏறவேண்டும். எனக்கு ஏறவில்லை. வயிறுதான் ஏறியது. மிஸ்ஸி என் கையைப் பிடித்துக் கழிவறைக்குக் கூட்டிக்கொண்டு ஓடினாள்.

டாக்டர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். பிறக்கும்போது எல்லாக் குழந்தை வயிற்றிலும் பால் சர்க்கரையை உடைக்கிற ஒரு நீர் சுரக்கும். வளர வளர நிறையப் பேருக்கு அது வற்றும். நம்மவர்களிலும், மலாய்க்காரர், சீனர்களிலும் இது அதிகமாம். சிலருக்கு ஒரு பெரிய வயிற்றுப்போக்குக்குப் பிறகு வெளியே தெரியவரும். உடையாத சர்க்கரை குடலில் கிடந்து புளித்துப் பொங்கும். காற்று, வலி, போக்கு, எல்லாம் அதனால். உயிரை எடுக்கிற வியாதி இல்லை. பாலை நிறுத்தினால் நிற்கும்.

எனக்குக் கோபம் வந்தது. பல மாசத்துக்குப் பிறகு வந்த முதல் கோபம். "நான் கறந்த பால் டாக்டர். தண்ணி கலக்காதது. அதுல எந்தக் குத்தமும் கிடையாது."

"பால் மேல் குற்றம் இல்லை மக்சிக். உங்கள் மேலும் இல்லை."

பக்கத்துக் கட்டில் கிழவி இதைக் கேட்டு பல்லில்லாமல் சிரித்தார். எனக்கு வெட்கமாகப் போனது. இத்தனை நாள் அந்த அம்மாவை உள்ளுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் நான் கேட்கவேண்டியதைக் கேட்டேன். "அப்ப என் மனசும் பாலாலதான் கெட்டுதா?" ஆமாம் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மண்டை வியாதி இல்லை, வெறும் பால் வியாதி என்று தலை நிமிர்ந்து தோட்டத்துக்குப் போய்விடலாம்.

அவள் பொய் சொல்லவில்லை. "இருக்கலாம்," என்றாள். "சத்து உடம்பில் ஒட்டாமல் போனால் மனசும் வாடும் என்று சில டாக்டர்கள் நினைக்கிறார்கள். தினமும் அவமானமும் வலியும் இருந்தால் யாருக்கும் மனசு சோரும். ஆனால் உறுதியாகத் தெரியாது. பாலையும் நிறுத்துங்கள், மனசு மாத்திரையையும் நிறுத்தாமல் சாப்பிடுங்கள்."

இருக்கலாம் என்பது எனக்குப் போதவில்லை. ஆனால் கிடைத்தது அதுதான்.

மறுநாள் பார்வை நேரத்தில் பாரோயிலிருந்து பையனின் அம்மா வந்தார். கூடவே எங்கள் வீட்டுக்காரரும் மல்லிகாவும். அந்த அம்மா நல்ல பட்டுச் சேலை, கையில் சுடுநீர்ப் புட்டி.

"என்னங்க அஞ்சலையம்மா, இப்படி எலும்பும் தோலுமா ஆயிட்டீங்க! கேஸ்ட்ரிக்னு அண்ணன் சொன்னாரு. கேஸ்ட்ரிக்குக்கா இவ்வளவு நாளா போட்டு வச்சிருக்காங்க?"

எங்கள் வீட்டுக்காரர், "கவர்மெண்ட் ஆஸ்பத்திரில்ல, மெதுவாத்தான் பார்ப்பாங்க," என்றார்.

அந்த அம்மா புட்டியைத் திறந்து மூடியில் ஊற்றினார். பால். பாதாம் வாசனை வார்டு முழுக்க. "அரைச்சுப் போட்டுக் காய்ச்சினேன். எங்க வீட்டுலருந்து உங்களுக்கு வர்ற முதல் பாலு. தட்டக்கூடாது."

சம்பந்தம் பேசுகிற வீட்டிலிருந்து முதலில் வருவதைத் தட்டமாட்டோம். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"எனக்குப் பால் ஆகாதுங்க. நேத்துதான் டெஸ்ட் எடுத்துக் கண்டுபிடிச்சாங்க."

"பால் ஆகாதா? பால் விக்கிறவங்களுக்கா?" சிரித்தார். "நல்லா இருக்குங்க கதை. சும்மா குடிங்க."

"ஒரு வாய் குடியேன் அஞ்சல," என்றார் எங்கள் வீட்டுக்காரர். "ஒரு வாயில என்ன ஆகப்போவுது?" அவர் கண் கெஞ்சியது. மல்லிகா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் கை மூடியை வாங்கிவிட்டது. சூடு விரலில் ஏறியது.

அந்த நேரம் பார்த்து மிஸ்ஸி மாத்திரைத் தட்டோடு வந்தாள். சின்னக் கிண்ணத்தில் ஒரே ஒரு மாத்திரை.

"இது எதுக்குங்க?" என்றார் பாரோய் அம்மா.

"அதுவா, கேஸ்ட்ரிக் மாத்திர..." என்று எங்கள் வீட்டுக்காரர் ஆரம்பித்தார்.

"இல்லைங்க," என்றேன். "இது மனசுக்கு."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. "ரொம்ப மாசமா எனக்கு எதுலயும் நாட்டமில்லாமப் போச்சு. உயிரே வேணாம்னு இருந்துச்சு. மனசு டாக்டர் பார்க்கிறாரு. வயிறும் மனசும் சேர்ந்து கெட்டிருக்கலாம்னு சொல்றாங்க. ரெண்டுக்கும் வைத்தியம் நடக்குது." மூடியை அவர் பக்கம் நீட்டினேன். "இதைக் குடிச்சா திரும்ப விழுந்துடுவேன். மன்னிச்சுக்குங்க."

ஏன் சொன்னாய் என்று பிறகு எத்தனை பேர் கேட்டார்கள்! மகள் கல்யாணத்துக்கு ஒரு பொய் சொல்லக்கூடாதா என்றார்கள். நியாயம்தான். ஆனால் அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு நான் எத்தனை வருஷம் அவர்கள் வீட்டில் பால் குடித்திருக்கவேண்டும், கணக்குப் பார்த்தீர்களா? ஒவ்வொரு விசேஷத்துக்கும் குடித்து, ஒவ்வொரு தடவையும் கழிவறையில் உட்கார்ந்து, வெளியே வந்து சிரித்திருக்கவேண்டும். அதற்கு என் உடம்பில் தெம்பில்லை.

பாரோய் அம்மா பாலைத் திரும்பப் புட்டியில் ஊற்றினார். ஒரு சொட்டு கீழே சிந்தவில்லை. "உடம்பைப் பார்த்துக்குங்க," என்றார். மல்லிகா கன்னத்தைத் தொட்டார். போய்விட்டார்.

நான் வீட்டுக்கு வந்த பிறகு பாப்பாத்தி வந்து வாசலிலேயே நின்று சொன்னாள். "ஜாதகத்தத் திரும்பப் பார்த்தாங்களாம். ஏதோ தோஷமாம்." அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

எங்கள் வீட்டுக்காரர் என்னோடு பேசுவதை நிறுத்தினார். செருப்பை நேராக வைப்பதும் நின்றது. வீட்டில் ஒரு சாவு விழுந்த மாதிரி இருந்தது. நான் நினைத்தது இதுதான்: முன்பு, நான் இல்லாவிட்டால் நல்லது என்பது வியாதி சொன்ன பொய். இப்போது அது உண்மையாகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் முன்கட்டில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். நான் படுத்திருந்தேன். மல்லிகா என் தலைமாட்டில் உட்கார்ந்து, பிசுக்குப் பிடித்த என் முடியைச் சிக்கெடுத்தாள்.

"நான் உன் வாழ்க்கையக் கெடுத்திட்டேன்," என்றேன்.

அவள் சீப்பை நிறுத்தவில்லை. "அம்மா, நான் அந்த வீட்டுக்குப் போயி, புள்ள பெத்து, ஒரு நாள் காரணமே இல்லாம உக்காந்து அழுதிருந்தா, என்னை என்னா பண்ணியிருப்பாங்க?"

முன்கட்டில் கத்தி தீட்டுகிற சத்தம் நின்றுபோனது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்பக் கேட்டது.

பாலை விட்ட சில நாளில் வயிறு அடங்கிவிட்டது. தேத்தண்ணியை வெறுமனே குடிக்கப் பழகினேன். முதலில் மருந்து மாதிரி இருந்தது. எலும்புக்கு நெத்திலியை முள்ளோடு சாப்பிடச் சொன்னார்கள், சாப்பிடுகிறேன். தயிர் கொஞ்சம் ஒத்துக்கொள்கிறது. பிஸ்கட்டிலும் பால்மாவு இருக்கும், கேட்டுத் தின்னவேண்டும். அடுத்த வருஷம் முருகனுக்குப் பால்குடம் எடுத்தேன், சோறு தின்று விரதம் இருந்து. "நீ குடி, எனக்கு வேணாம்" என்று அவரிடமே சொல்லிவிட்டேன்.

மனசு அப்படி அடங்கவில்லை. பால் நின்றதும் ஒரு படி ஏறியது உண்மை. மிச்சப் படிகளை மாத்திரையும் நாளும்தான் ஏற்றின, அதிலும் பலதடவை வழுக்கினேன். பால்தான் செய்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதினால் பொய்யாகும். மல்லிகாவுக்கு வேறு இடம் அமையப் பல வருஷம் ஆனது. அதை நான் லேசாகச் சொல்லமாட்டேன்.

மனசு டாக்டரிடம் மாசத்துக்கு ஒரு தடவை போகவேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு, முதல் தடவை போகிற நாள் காலை, எங்கள் வீட்டுக்காரர் லீவு கேட்கப் பெரட்டுக்குப் போனார். அங்கிருந்து நேராகப் பஸ் ஏறவேண்டும் என்று நானும் கூடப் போனேன். இருட்டு விலகாத நேரம், எல்லாரும் வாளியும் கத்தியுமாக நின்றார்கள். கிராணி தலையைத் தூக்காமலே கேட்டார்.

"திரும்பவும் லீவா? என்னா, சம்சாரத்துக்கு இன்னும் கேஸ்ட்ரிக்கா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"இல்லீங்க," என்றார் எங்கள் வீட்டுக்காரர், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "அவளுக்கு மனசு சுகமில்ல. மனசு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். மாசா மாசம் லீவு வேணும்."

கூட்டத்தில் ஒரு ஆள் சிரித்தான். யாரென்று எனக்குத் தெரியும், எழுதமாட்டேன். கிராணி லீவு எழுதினார். நாங்கள் பஸ்ஸுக்கு நடந்தோம்.